ஐந்தாம் நாள் குழந்தை: "பால் பத்தலை" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். சுகப்பிரசவம், பிறந்தபோது 2.900 கிலோ. வீட்டுக்கு வந்தாயிற்று. இன்று ஐந்தாம் நாள். மதுரையில் கத்திரி வெயில், எங்களுடையது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடு. அத்தை (மனைவியின் அம்மா) கூட இருக்கிறார். ஊரிலிருந்து அப்பத்தாவும் வந்திருக்கிறார்.

பகலெல்லாம் தூங்குகிறாள். ராத்திரி பத்து, பதினொன்றுக்கு ஆரம்பித்தால் விடியும்வரை அழுகை. மார்பில் போட்டால் இரண்டு நிமிடம் சப்பிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறாள், கீழே விட்டால் மறுபடியும் அழுகை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "பால் பத்தலை." பக்கத்து வீட்டு அக்கா பால் பவுடர் டப்பாவே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பத்தா சீனித் தண்ணீரைத் தொட்டு வைக்கலாம் என்கிறார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனைவி ராத்திரி குழந்தையோடு சேர்ந்து அழுகிறாள். காம்பில் வெடிப்பு வேறு, பிள்ளை வாய் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

பால் போதுகிறதா இல்லையா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? முகமும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. காலை வெயிலில் காட்டச் சொல்கிறார்கள், அது சரியா?

---

ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, முதலில் வாழ்த்துகள். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். பிறந்த குழந்தை பசிக்கும் அழும், ஈரத்துக்கும் அழும், புழுக்கத்துக்கும் அழும், அம்மா உடம்பின் சூடு வேண்டும் என்றும் அழும். கீழே விட்டதும் அழுது, தூக்கியதும் அடங்கினால் அது பசியாக இல்லாமலும் இருக்கலாம்.

நான் உங்களிடம் கேட்பது இரண்டு கேள்விதான். நேற்று இந்நேரத்திலிருந்து இன்று இந்நேரம்வரை எத்தனை தடவை மூத்திரம் போனாள்? மலம் இப்போது என்ன நிறம்?

ஏன் கேட்கிறேன் என்றால், முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே அதிகம், பிள்ளைக்கும் அவ்வளவுதான் தேவை. மூன்றாம் நாளுக்கு மேல்தான் மார்பு கனத்துப் பால் இறங்கும். அதனால் முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று மூத்திரம் கூடிக்கொண்டே வரும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறு தடவைக்குக் குறையக் கூடாது. மலம் முதலில் கறுப்பாக, ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும், அப்புறம் பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளுக்கு மாறிவிடும். மாறிவிட்டால் பால் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, ராத்திரி அழுகிறாள் என்று கவலைப்பட வேண்டாம், ராத்திரி கொடுக்காமலும் விட வேண்டாம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும்.

---

வைகைக்கரை

நன்றி அம்மா. அத்தையிடம் கேட்டேன். நேற்றிலிருந்து நனைந்த துணி மூன்றுதான் என்கிறார், அதில் ஒன்றில் செங்கல் பொடி மாதிரி ஒரு கறை இருந்ததாம். மலம் இன்னும் கரும்பச்சை. இன்னொரு விஷயம், இன்று காலை துணியில் இரண்டு சொட்டு ரத்தம் மாதிரி பார்த்தோம், அதில் மனைவி ரொம்பப் பயந்துவிட்டாள்.

---

திருச்சி குழந்தைநல மருத்துவர்

ரத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அவர் பயம் தீரட்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பிலிருந்து ஓரிரு சொட்டு ரத்தமோ வெள்ளையோ வரலாம். வயிற்றில் இருந்தபோது அம்மாவிடமிருந்து வந்த ஹார்மோன் குறைவதால் வருவது, தானே நின்றுவிடும். அதே காரணத்தால் மார்பும் கொஞ்சம் வீங்கியிருக்கலாம். பெண், ஆண் இரண்டு குழந்தைகளுக்கும் இப்படி வரும். அதை அமுக்கிப் பால் எடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் தொட விடாதீர்கள். அமுக்கியதால் சீழ் கட்டிக் கத்தி வைக்க வேண்டிவந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் சொன்ன மற்ற மூன்று விஷயங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாளில் மூன்று தடவை மூத்திரம் என்பது குறைவு. செங்கல் நிறக் கறை முதல் இரண்டு நாளில் வந்தால் விட்டுவிடுவோம், இப்போது வந்தால் உடம்பில் நீர் குறைகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மலமும் மாறவில்லை. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போய் எடை போட்டுப் பாருங்கள். பிறந்த எடையில் 7 சதவீதம்வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தை நெருங்கினால் பால் கொடுக்கும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடை திரும்ப வந்துவிட வேண்டும்.

மஞ்சளையும் அங்கேயே பரிசோதித்துவிடுங்கள். நிறை மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் இந்த மஞ்சள் வரும், மூன்று முதல் ஐந்து நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால்வரை பரவினாலும், குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தாலும் உடனே காட்ட வேண்டும். பால் குறைவாகப் போனால் மலம் குறையும், மலம் குறைந்தால் மஞ்சள் வெளியேறாது. உங்கள் இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை.

வெயில் விஷயம். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளைத் தோட்டத்துக்கு எடுத்துப்போவார். வெளிச்சம் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்து, துணி மூடிய இடத்தில் மட்டும் தங்கியிருப்பதைக் கவனித்து மருத்துவர்களிடம் சொன்னார். 1958இல் கிரெமர் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதை எழுதினார்கள், இன்றைய நீல விளக்குச் சிகிச்சை அங்கிருந்து வந்ததுதான். ஆகவே பெரியவர்கள் சொல்வதில் அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் மதுரை வெயிலில் அளவு நம் கையில் இல்லை. ஏற்கெனவே நீர் குறைந்த பிள்ளையை வெயிலில் படுக்கவைத்தால் இன்னும் வற்றும். மஞ்சள் அளவைத் தாண்டியிருந்தால் அதற்கு விளக்குதான் மருந்து, வெயில் போதாது.

---

சேலத்துக்காரி

டாக்டர் சொன்னதை நான் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். இன்றே போங்கள்.

என் மகனுக்கு இதே போல்தான். கோடைக்காலம், முதல் பிள்ளை. பாலூட்டலைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் "பவுடரைத் தொடாதே, பால் தானாக வரும், பொறு" என்றார்கள். மருத்துவமனையில் கேட்டாலும் அதே பதில், பிள்ளை வாய் வைப்பதை ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. முதலில் ஓயாமல் அழுதான், பிறகு அழுகை நின்றது. "பரவாயில்லை, சமர்த்தாகத் தூங்குகிறான்" என்றார்கள். அது தூக்கம் இல்லை, சோர்வு. உடம்பு சுட்டது. ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) ஏறி, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அங்கே பவுடர் பால்தான் கொடுத்தார்கள், பிழைத்தான். இன்று நன்றாக ஓடி விளையாடுகிறான்.

அதனால் "பால் எல்லா அம்மாவுக்கும் வரும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

---

ஓய்வுபெற்ற செவிலி

சேலத்து மகளே, உன் கோபம் நியாயமானது. அழுத பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் கிடந்தால் அது சமர்த்து இல்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். பால் வேளைக்கும் எழாத பிள்ளையை உள்ளங்காலைத் தேய்த்து, போர்த்திய துணியை விலக்கி எழுப்ப வேண்டும். அப்படியும் எழவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

ஆனால் டப்பாவை முதல் கையில் எடுப்பதற்கும் கடைசிக் கையில் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலில் பிள்ளை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் அம்மாவின் பாலையே கையால் பீய்ச்சிப் பாலாடையில் (மூக்குள்ள சின்னக் கிண்ணம்) கொடுக்க வேண்டும். அதுவும் போதாமல் எடை இறங்கினால், தாய்ப்பால் வங்கி இருக்கும் ஊரில் அந்தப் பால், இல்லாத ஊரில் மருத்துவர் சொல்லும் அளவுக்குப் பவுடர் பால். இந்த வரிசையில் போனால் பிள்ளையும் பட்டினி கிடக்காது, அம்மாவின் சுரப்பும் நிற்காது. சும்மா பயத்தில் புட்டியைக் கொடுத்தால் பிள்ளை மார்பில் இருக்கும் நேரம் குறையும், உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பு குறையும், கடைசியில் வந்தவர்கள் சொன்ன "பால் பத்தலை" உண்மையாகிவிடும்.

வைகைக்கரை, காம்பு வெடித்திருக்கிறது என்றால் பெரும்பாலும் பிடிப்பு சரியில்லை என்று பொருள். காம்பை மட்டும் பிடித்தால் அம்மாவுக்கு வலி, பிள்ளைக்குப் பாலும் வராது. வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி நிறைய வாய்க்குள் போகும்படி பிள்ளையை மார்போடு சேர்த்து அணைக்க வேண்டும். அம்மா குனிந்து மார்பைக் கொண்டுபோகக் கூடாது, பிள்ளையைத்தான் மேலே கொண்டுவர வேண்டும். பிள்ளையின் வயிறு அம்மா வயிற்றைத் தொட வேண்டும், தாடை மார்பில் படிய வேண்டும். சப்பும் சத்தம் கேட்கக் கூடாது, விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும்.

---

வைகைக்கரை

போய் வந்தோம். எடை 2.640 கிலோ, 9 சதவீதம் குறைந்திருக்கிறது. மஞ்சளுக்கு ரத்தம் எடுத்தார்கள், விளக்கு வைக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் கவனிக்கச் சொன்னார்கள். அங்கிருந்த ஒரு செவிலியர் அரை மணி நேரம் மனைவியோடு உட்கார்ந்து, நீங்கள் எழுதியதையே கையால் பிடித்துக் காட்டினார். முதல்முறையாக வலி இல்லாமல் குடிக்க வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுத்து, அப்புறம் பீய்ச்சிய பாலும் பாலாடையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாளை மறுநாள் மறுபடி எடை.

இனி வீட்டில் மற்ற விஷயங்கள். நாளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, உரை மருந்து கொடுக்க அப்பத்தா தயாராகிவிட்டார். அவர் மனதையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை.

---

நெல்லை ஆச்சி

பேராண்டி, நான் பேரன் பேத்திகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள், அதனால் அப்பத்தா பக்கம் நின்றே பேசுகிறேன். குழந்தை பிறந்த வீட்டில் பெரியவள் ஒருத்தி இருப்பது பெரிய பலம். பச்சை உடம்புக்காரிக்கு வேளைக்குச் சோறு ஆக்கிப் போட, துணி அலச, பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு "நீ ஒரு மணி நேரம் தூங்கு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். காசு கொடுத்தாலும் அந்த அக்கறை கிடைக்காது.

ஆனால் வாய் வழியே போவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரை மருந்து, கிரைப் வாட்டர், வெறும் தண்ணீர் என்று ஒன்றும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டினால் அப்பத்தா மனம் ஆறும் என்றால் கட்டட்டும், பிள்ளை வாயில் வைக்காத வயதுவரை இருந்துவிட்டுப் போகட்டும். உரசி நாக்கில் தடவ விடாதே.

குளியலுக்குத் தொப்புள் விழட்டும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்துக்குள் விழுந்துவிடும். அதுவரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது, காய்ந்து இருக்கட்டும். கட்டும் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டு. சுற்றிலும் சிவந்தாலோ நாற்றம் வந்தாலோ டாக்டரிடம் காட்டு. தொப்புள் விழுந்த பிறகு எண்ணெய் மெதுவாகத் தேய்க்கலாம், குழந்தைக்கும் அது இதம். மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் கண்ணிலும் எண்ணெய் விடுவது, மூக்கை உருவி நேராக்குவது, இவற்றை விட்டுவிட வேண்டும். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

அப்பத்தாவிடம் "கூடாது" என்று சொல்லாமல், "டாக்டர் என்னைத் திட்டுவார் அப்பத்தா, நீங்க பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுத்துக் கொடுங்க" என்று வேலையை மாற்றிக் கொடு. மறுக்கிற பெரியவளை நான் பார்த்ததில்லை.

---

யாழ்ப்பாணத்து அம்மா

எங்களிடம் பிள்ளை வீட்டுக்கு வந்து பத்து நாளுக்குள் மிட்வைஃப் (மருத்துவச்சி) இரண்டு தரம் வீட்டுக்கே வந்து பார்ப்பா. பிள்ளையின் தொப்புள், மஞ்சள், பால் குடிக்கிற விதம், தாயின் தையல், எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போவா. என்ர முதல் பிள்ளைக்கு அவ வந்து கதைத்த அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குத் தெம்பு. துடக்கு (தீட்டு) என்று 31 நாள் ஒரே அறைக்குள் இருந்தன். சனம் வந்து பிள்ளையைத்தான் பார்த்தது, "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்டது மிட்வைஃப் மட்டும்தான்.

உங்கட பக்கமும் அப்படி யாரும் வருவினமா?

---

ஓய்வுபெற்ற செவிலி

வருவோம் அம்மா. இந்தியாவில் வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் வருகை உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் செவிலியர்கள் போவார்கள். நகரத்து மாடி வீடுகளில் இது பல நேரம் விட்டுப்போகிறது. வைகைக்கரை, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. சந்தேகத்துக்கு 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்து மகள் கேட்டதை நானும் கேட்கிறேன். உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்? தண்ணீர் குடிக்க விடுகிறார்களா? பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று இந்த வெயிலிலும் கட்டுப்படுத்துகிற வீடுகள் உண்டு. தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்க வேண்டும். பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை எல்லாம் நல்லது, கூடவே வழக்கமான சாப்பாடும் வயிறு நிறைய வேண்டும். அவருக்கு ரத்தப்போக்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, இதில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

---

வைகைக்கரை

தண்ணீரை அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஒரு சொம்பைப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அழுகைதான் குறையவில்லை. பிள்ளை நன்றாகக் குடித்த பிறகும் மனைவி உட்கார்ந்து அழுகிறாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள்.

---

சேலத்துக்காரி

தம்பி, பிரசவம் ஆன பெண்களில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் இப்படிக் காரணம் தெரியாமல் அழுவார்கள். ஹார்மோன் இறங்குவதும் தூக்கமில்லாததும் சேர்ந்து வருவது. "எதுக்கு அழுறே, மகாலட்சுமி பிறந்திருக்கா" என்று யாரும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்தால், அது நோய். மருந்து இருக்கிறது, பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்தும் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.

---

புது அப்பா, கோவை

என் பங்கு, ஆண்களுக்காக. பால் கொடுப்பதைத் தவிர எல்லா வேலையும் நாம் செய்யலாம். ராத்திரி பிள்ளை எழுந்ததும் தூக்கி, துணி மாற்றி, மனைவியிடம் கொடுத்து, குடித்ததும் வாங்கி ஏப்பம் எடுத்துப் படுக்கவைப்பது என் வேலையாக இருந்தது. அவள் எழுந்து நடக்கவே வேண்டாம். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மார்பில் பிள்ளையைப் போட்டுக்கொண்டால் அடங்கிவிடுவாள், அப்பா மார்புக்கும் அந்தச் சூடு உண்டு.

இன்னொரு முக்கியமான வேலை வாசலில் நிற்பது. பார்க்க வருகிறவர்களிடம் "கை கழுவிட்டு வாங்க", "முத்தம் வேண்டாம்", "இப்ப தூங்குறாங்க, சாயங்காலம் வாங்க" என்று சொல்ல வேண்டியவர் அப்பாதான். மருமகள் சொன்னால் அது குற்றமாகிவிடும், மகன் சொன்னால் ஒன்றும் ஆகாது. "பால் பத்தலை" என்று யாராவது வாயைத் திறந்தால் "மூத்திரத்தை எண்ணிக்கிட்டு இருக்கோம், எடை போட்டுக்கிட்டு இருக்கோம்" என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். உங்கள் மனைவி காதுக்கே அது போக வேண்டாம்.

---

வைகைக்கரை

சேலத்து அக்காவுக்கும் கோவை அண்ணனுக்கும் நன்றி. இன்றிலிருந்து வாசலில் நான்தான். ஒரு சின்னக் கேள்வி. தூளி கட்டலாமா? வெயிலுக்கு ஏசி போடலாமா? குளிர் பிடிக்கும் என்று அத்தை தலைக்குக் குல்லாவும் காலுக்கு உறையும் போட்டுச் சுற்றிவைத்திருக்கிறார்.

---

திருச்சி குழந்தைநல மருத்துவர்

உங்கள் வீட்டு வெக்கையில் குல்லாவும் உறையும் வேண்டாம். பெரியவர்கள் போடுவதைவிட ஒரு மெல்லிய அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். மின்விசிறி போடலாம். ஏசி என்றால் 26, 27இல் வைத்து, காற்று நேராக மேலே படாமல் படுக்கவையுங்கள். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் ஜில்லென்று இருந்தால் குளிர்கிறது என்று பொருள். உடம்புச் சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ வீட்டில் மருந்து கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்கு வர வேண்டும். இந்த வயதில் காய்ச்சலை நாங்கள் ஒருபோதும் சாதாரணமாக எடுப்பதில்லை.

தூளியில் கழுத்து மடங்கித் தாடை மார்பில் முட்டினால் மூச்சுக்குத் தடையாகும். ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் ஆட்டலாம். ராத்திரித் தூக்கத்துக்கு உங்கள் அறையிலேயே, தட்டையான கெட்டி மெத்தையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் துணி, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 400 யூனிட் எழுதிக் கொடுத்திருப்பார்கள், வாய் வழியே தாய்ப்பால் தவிர இப்போதைக்குப் போக வேண்டியது அதுவும், மருத்துவர் சொன்ன மருந்தும்தான்.

---

அறந்தாங்கி மருமகள்

இழையை முழுக்கப் படித்தேன். எனக்குச் சிசேரியன், இன்று மூன்றாம் நாள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான். தையல் வலியில் உட்கார முடியவில்லை, பால் இன்னும் இறங்கவில்லை. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எப்படிப் பிடித்துக் கொடுப்பது?

---

ஓய்வுபெற்ற செவிலி

சிசேரியனில் பால் இறங்க ஒரு நாள் கூடுதலாக ஆகலாம், பயப்படாதே மகளே. உட்கார வேண்டாம். ஒருக்களித்துப் படுத்துக்கொள், முதுகுக்கு ஒரு தலையணை வை, பிள்ளையை உன்னைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து அணைத்துக்கொள். கொடுத்து முடித்ததும் வேறொருவர் பிள்ளையை எடுத்துத் தனியே படுக்கவைக்கட்டும், நீ அசந்து தூங்கிவிடக் கூடாது. உட்கார முடிகிறபோது பிள்ளையின் உடம்பை உன் அக்குளுக்குக் கீழே வைத்துப் பிடித்தால் தையலில் எடை விழாது. நாளை கிளம்பும் முன் மூன்று காரியம் செய்: பணியில் இருக்கும் செவிலியரைக் கூப்பிட்டு ஒரு முழு வேளை பால் கொடுப்பதைப் பார்க்கச் சொல், இன்றைய எடையைத் தாளில் எழுதி வாங்கு, அடுத்த எடைக்கு எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்.